காலேஜ் லிஸ்ட்ல ஃபுட்பால் டீமுக்கு எத்தன மார்க் போடலாம்? அமெரிக்கால மொத மொதல்ல புள்ளைங்கள காலேஜுக்கு அனுப்புறவங்களுக்கு

போன வருஷம் அக்டோபர்ல ஒரு ஞாயித்துக்கிழம காலைல தோசக்கல்லு முன்னாடி நிக்கிறேன், பையன் மாடிலேர்ந்து எறங்கி வந்து "அப்பா, நான் ப்ளூமிங்டன்தான் போறேன்"ங்கறான். நாலாங்கிளாஸ்லேர்ந்து மோட்டாரு, கியருன்னு கராஜையே நாசம் பண்ணவன், மெக்கானிக்கல் இஞ்சினியரிங்தான்னு ஒத்தக்கால்ல நின்னவன். ப்ளூமிங்டன்ல இருக்குற இண்டியானா யுனிவர்சிட்டில மெக்கானிக்கலே கிடையாது. ஏண்டான்னு கேட்டா முழிக்கிறான். கொஞ்ச நேரம் கழிச்சு மெதுவா, "இந்த சீசன் அவங்க ஒரு மேட்ச் கூட தோக்கலப்பா"ன்னான். தோச கருகிப்போச்சு.

நாங்க இருக்கறது இண்டியானாபொலிஸ் பக்கத்துல. வடக்க ஒரு மணி நேரம் ஓட்டுனா பர்டூ யுனிவர்சிட்டி, மெக்கானிக்கல் இருக்கற எடம், தெக்க ஒரு மணி நேரம் ஓட்டுனா ப்ளூமிங்டன். ரெண்டுக்கும் நடுவுல மாட்டிக்கிட்டு ஏழு மாசம் இந்த ஒரே கேள்விய வெச்சு வீட்ல பேசிருக்கோம், அதுல நான் கத்துக்கிட்டத இங்க வரிசையா எழுதுறேன். நம்ம ஆளுங்க பாதி பேரு "படிக்கப் போறியா, பந்து பாக்கப் போறியா"ன்னு ஒரே வார்த்தைல முடிச்சுடுவாங்க, நானும் அப்படித்தான் ஆரம்பிச்சேன், அது வேலைக்காகல.

1. மொதல்ல இது என்ன விளையாட்டுன்னாவது புரிஞ்சுக்கோங்க

கால்ல ஒதைக்கற ஃபுட்பால் இல்ல, ஹெல்மெட் மாட்டிக்கிட்டு முட்டிக்கறது. ரூல் எல்லாம் தெரிய வேணாம். தெரிய வேண்டியது ஊரு எப்படி மாறுதுங்கறது. ஆகஸ்ட் கடைசிலேர்ந்து நவம்பர் கடைசி வரைக்கும், சனிக்கிழம சனிக்கிழம, ஒரு டீமுக்கு 12 மேட்ச், அதுல ஆறோ ஏழோ சொந்த ஊர்ல நடக்கும். மிச்சிகன் யுனிவர்சிட்டி ஸ்டேடியத்துல 107,601 பேர் உக்காரலாம், அந்த ஆன் ஆர்பர் ஊரோட மொத்த ஜனத்தொகையே ஒண்ணேகால் லட்சம்தான். பென்சில்வேனியால ஸ்டேட் காலேஜ்னே ஒரு ஊரு, பென் ஸ்டேட் இருக்கற எடம், ஊர்ல 40 ஆயிரம் பேரு, ஸ்டேடியத்துல ஒரு லட்சத்துக்கு மேல. நம்மூர்ல தேர்த்திருவிழா அன்னிக்கு சுத்துப்பட்டு கிராமம் மொத்தமும் வந்து எறங்குமே அந்த மாதிரி, ஆனா வருஷத்துக்கு ஏழு வாட்டி.

ஸ்டேடியத்துக்கு வெளிய காலைலேர்ந்தே காரோட பின்கதவத் தொறந்து வெச்சு, அடுப்பு மூட்டி, சுட்டுத் தின்னுட்டு குடிச்சுட்டு இருப்பாங்க, அதுக்குப் பேரு டெய்ல்கேட். புள்ளைங்க வாய்ல இந்த வார்த்த அடிக்கடி வரும், தெரிஞ்சு வெச்சுக்கோங்க.

2. லிஸ்ட்ல இருக்கற காலேஜுக்கு டீமே இருக்கான்னு பாருங்க

இது அஞ்சு நிமிஷ வேல. டீமே இல்லாத நல்ல காலேஜ் எக்கச்சக்கம். நம்ம ஊர்ப் புள்ளைங்க கூட்டம் கூட்டமா போற யூடி டல்லாஸ்ல கிடையாது. என்ஒய்யூ, கால்டெக், யூசி சான் டியாகோ, யூசி அர்வைன், எங்கயும் கிடையாது. பாஸ்டன் யுனிவர்சிட்டி 1997ல கலைச்சுட்டாங்க, நார்த்ஈஸ்டர்ன் 2009ல. எம்ஐடில டீம் இருக்கு, ஆனா அது டிவிஷன் த்ரீ, அதாவது கடைசித் தட்டு, அங்க வெளையாட்டுக்குன்னு ஸ்காலர்ஷிப்பே கிடையாது, பசங்க ஆசைக்கு வெளையாடுறாங்க, பாக்க வர்றது அவங்க ரூம்மேட்டுங்க. டிவிலயே பாக்கற அந்தப் பெரிய கூட்டம்லாம் டிவிஷன் ஒண்ணுல மேல்தட்டு, எஃப்பிஎஸ்னு சொல்லுவாங்க, அது நாடு முழுக்க 130 சொச்சம் காலேஜ்தான். அதனால "அமெரிக்கன் காலேஜ்னாலே ஃபுட்பால்"ங்கறதே பாதி பொய்.

இந்த எடத்துல ஒரு கத சொல்லணும், எனக்கு ரொம்பப் புடிச்சது. யுனிவர்சிட்டி ஆஃப் சிகாகோ ஒரு காலத்துல பெரிய ஃபுட்பால் காலேஜ். ஹைஸ்மன் ட்ராஃபின்னு வருஷத்தோட பெஸ்ட் ப்ளேயருக்குக் குடுப்பாங்கல்ல, அத 1935ல மொத மொதல்ல வாங்குனதே அந்த காலேஜ் பையன் ஜே பெர்வாங்கர். நாலே வருஷம், 1939ல காலேஜ் பிரசிடென்ட் ஹட்சின்ஸ் டீமையே இழுத்து மூடிட்டாரு. கூட்டம் இல்லாம கெடந்த அந்த ஸ்டேடியத்தோட மேற்கு கேலரிக்கு அடில 1942 டிசம்பர் 2ம் தேதி என்ரிக்கோ ஃபெர்மி டீம் உலகத்துலயே மொத அணு செயின் ரியாக்‌ஷன ஓட்டிக் காமிச்சாங்க. நம்ம சுப்ரமணியன் சந்திரசேகர் 1937லயே அங்க சேந்து கடைசி வரைக்கும் அங்கயேதான் இருந்தாரு, 1983ல நோபல். 1969ல டீம் திரும்ப வந்துச்சு, இப்ப டிவிஷன் த்ரீல சத்தம் இல்லாம ஓடுது. இத நான் பையன்கிட்ட பெரிய பாயிண்ட்டா எடுத்து விட்டேன், அவன் "அப்பா நம்மளால சிகாகோ ஃபீஸ் கட்ட முடியாது"ன்னு ஒரே வரில முடிச்சுட்டான்.

3. ஜெயிக்கற தோக்கற கணக்க தூக்கி ஓரமா வைங்க

புள்ளைங்க மாட்டிக்கறது இங்கதான். ப்ளூமிங்டன் டீம் சரித்திரத்துலயே 700 மேட்சுக்கு மேல தோத்த டீம். 2023ல 12ல மூணுதான் ஜெயிச்சாங்க. அடுத்த வருஷம் புதுசா ஒரு கோச், கர்ட் சிக்னெட்டி, வந்தாரு, 12ல 11 ஜெயிச்சு நேஷனல் ப்ளேஆஃப் வரைக்கும் போயிட்டாங்க. அதே 2024ல பர்டூ 12ல ஒண்ணே ஒண்ணு. நோட்டர் டேம்னு இன்னொரு காலேஜ் டீம் வந்து 66-7னு அடிச்சுட்டுப் போனாங்க, சீசன் கடைசில ப்ளூமிங்டன்காரங்க 66-0. ஆபீஸ்ல எங்க டீம்ல ஒரு பர்டூக்காரர் இருக்காரு, அந்தத் திங்கக்கெழம மனுஷன் யாரையும் நிமிந்து பாக்கல.

சரி, அந்த வருஷம் பர்டூல இஞ்சினியரிங் கெட்டுப்போச்சா? நீல் ஆம்ஸ்ட்ராங் படிச்ச எடம், கம்பெனிக்காரன் ஆள் எடுக்க வரும்போது ஸ்கோர் பாத்துட்டா வர்றான்? பையன உக்கார வெச்சு ஒரே ஒரு கேள்வி கேட்டேன். நீ சேந்த மறு வருஷம் அந்த கோச் வேற காலேஜுக்குப் போயிடறாரு, டீம் பத்து மேட்ச் தோக்குது, அப்பவும் உனக்கு அங்க இருக்கப் புடிக்குமா? கோச் எப்ப வேணா போவாரு, ப்ளேயருங்களும் இப்பல்லாம் வருஷத்துக்கு ஒரு காலேஜ் மாறுறாங்க, நீ மட்டும்தான் நாலு வருஷம் அங்கயே இருப்ப. ரெண்டு நாள் அவன் பதில் சொல்லல. திட்டறதுக்குப் பதிலா உங்க வீட்லயும் இந்தக் கேள்விய ஒரு தடவ கேட்டுப் பாருங்க.

4. காசு: யாரு கட்டறாங்கன்னு தோண்டிப் பாருங்க

இதத்தான் யாரும் பாக்கறதில்ல, எனக்குக் கேட்டா இதுதான் முக்கியம்.

ரொம்பப் பெரிய டீமுங்க பெரும்பாலும் டிவி காசு, டிக்கெட், பழைய ஸ்டூடண்ட்ஸ் குடுக்கற நன்கொடை இதுலயே ஓடிடும். சிக்கல் நடுவாந்தர டீமுங்கள்லதான். கூட்டமும் வராது, டிவிக்காரனும் பெருசா குடுக்க மாட்டான், ஆனா மேல போகணும்ங்கற ஆச மட்டும் இருக்கும். அங்க பல காலேஜ்ல ஸ்டூடண்ட் ஃபீஸ்லேர்ந்துதான் எடுக்கறாங்க, உங்க புள்ள ஒரு மேட்ச் கூட போகலன்னாலும் கட்டணும். பில்ல வாங்கிப் பாத்தா "அத்லெடிக்ஸ் ஃபீ"ன்னு தனியா ஒரு வரி இருக்கும், சில எடத்துல "ஆக்டிவிட்டி ஃபீ"ங்கற பேர்ல ஒளிஞ்சிருக்கும். செமஸ்டருக்கு எவ்ளோ, எட்டு செமஸ்டருக்கு எவ்ளோன்னு பெருக்கிப் பாருங்க, நெஞ்சு கொஞ்சம் அடச்சுக்கும்.

எஜுகேஷன் டிபார்ட்மென்ட்டே ஒரு சைட் வெச்சிருக்கு, ஈக்விட்டி இன் அத்லெடிக்ஸ்னு தேடுங்க, ஒவ்வொரு காலேஜும் வெளையாட்டுக்கு எவ்ளோ செலவு பண்ணுதுன்னு வரும். அரசு யுனிவர்சிட்டியா இருந்தா நைட்-நியூஹவுஸ்னு ஒரு டேட்டாபேஸ் இருக்கு, அதுல அந்தக் காசுல எத்தன பங்கு ஸ்டூடண்ட் ஃபீஸ்லேர்ந்து வந்துச்சுன்னே பிரிச்சுப் போட்டிருப்பாங்க. ராத்திரி சாப்ட்டுட்டு அர மணி நேரம் உக்காந்தா மொத்த லிஸ்ட்டையும் முடிச்சுடலாம்.

இன்னொண்ணு, 2025 ஜூன்ல கோர்ட்ல ஒரு செட்டில்மென்ட் வந்துச்சு, காலேஜே ப்ளேயருங்களுக்கு நேரடியா பணம் குடுக்கலாம், 2025-26 வருஷத்துக்கு ஒரு காலேஜுக்கு 20.5 மில்லியன் டாலர் வரைக்கும்னு. குடுக்கறது நியாயம்தான், அந்தப் பசங்க உடம்ப ஒடச்சுக்கிட்டு வெளையாடுறாங்க, ஆனா அந்தக் காசு வானத்துலேர்ந்து விழாது. டென்னசீ யுனிவர்சிட்டில டிக்கெட் மேல 10 சதவீதம் "டேலன்ட் ஃபீ"ன்னு முன்னாடியே ஏத்திட்டாங்க. மத்த எடத்துல எங்கேர்ந்து எடுக்கறாங்கன்னு வர்ற ரெண்டு மூணு வருஷம் பில்ல உத்துப் பாக்கணும்.

ஃபுட்பாலால காசு மிச்சமாகற கேஸும் உண்டு, அதையும் சொல்லிடணும். அலபாமால நிக் சேபன்னு ஒரு கோச் 2007ல வந்து 2024 ஜனவரில ரிட்டயர் ஆனாரு, ஆறு நேஷனல் சாம்பியன்ஷிப். அவரு வந்தப்ப 25 ஆயிரம் சொச்சம் ஸ்டூடண்ட்ஸ், இப்ப 40 ஆயிரத்த தாண்டிருச்சு, பாதிக்கு மேல வெளி ஸ்டேட் புள்ளைங்க. ஃபுட்பால் பாத்து மட்டும் வரல. மார்க்கு இவ்ளோ இருந்தா ஸ்காலர்ஷிப் இவ்ளோன்னு வெளிப்படையா டேபிளே போட்டு வெச்சிருக்காங்க, டீம் பேரச் சொல்லி கூப்ட்டு ஸ்காலர்ஷிப்ப காட்டி உக்கார வெச்சுட்டாங்க. எங்க நண்பர் ஒருத்தர் பொண்ணு அந்த வழில போயி நல்லா படிக்குது.

எங்க கேஸ்ல கணக்கு சுலபம். பர்டூல உள்ளூர்க்காரங்களுக்கு டியூஷன் 9,992 டாலர், 2013லேர்ந்து ஏத்தவே இல்ல. வெளி ஸ்டேட்டுக்கு 28 ஆயிரத்துக்கு மேல. எச்4ல, அதாவது எச்1பில வேல பாக்கறவங்க குடும்பத்துக்குக் குடுக்கற விசால, இருக்கற புள்ளைங்களுக்கு உள்ளூர் ரேட் உண்டா இல்லையாங்கறது ஸ்டேட்டுக்கு ஸ்டேட் மாறும், பக்கத்து வீட்டுக்காரர் சொன்னத நம்பாதீங்க, அட்மிஷன் ஆபீஸ்ல மெயில் போட்டு எழுத்துல வாங்கி வெச்சுக்கோங்க.

5. ரெண்டு வாட்டி போங்க: ஒரு சனிக்கெழம, ஒரு செவ்வாக்கெழம

கேம் டே அன்னிக்கு மட்டும் போயிட்டு வந்தா எந்தப் புள்ளையும் மயங்கிடும். நாங்க ப்ளூமிங்டனுக்கு ஒரு சனிக்கெழம போனோம். எங்க பாத்தாலும் செகப்பு டீசர்ட்டு, பேண்டு வாத்தியம், வெயிலு, மரமெல்லாம் மஞ்சளாகி நிக்குது, ஒரு வயசான ஜோடி அவங்க டெய்ல்கேட்லேர்ந்து எங்களக் கூப்ட்டு சோளம் சுட்டுக் குடுத்தாங்க. எனக்கே சேரலாமான்னு தோணிருச்சு, பொய் சொல்லல.

அடுத்து பர்டூக்கு சாதாரண செவ்வாக்கெழம போனோம், லேசா தூறல். ஃபுட்பால் பேச்சே இல்ல. ஒரு ஒர்க்‌ஷாப்ல மூணு பசங்க அலுமினியத் துண்டு ஒண்ண அரத்தால ராவிக்கிட்டு, அது ஓட்டைல உக்காரலன்னு சண்ட போட்டுக்கிட்டு இருந்தாங்க. என் பையன் கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நின்னு பாத்துட்டே இருந்தான், நான் பார்க்கிங் மீட்டர் முடியுதுடான்னு ரெண்டு வாட்டி கூப்ட்டேன், நகரல. அப்பறம் அவனாவே கதவத் தள்ளிட்டு உள்ள போயி "சேம்ஃபர் பண்ணிப் பாத்தீங்களா"ன்னு கேட்டான். அதுக்கு என்ன அர்த்தம்னு எனக்கு அன்னிக்கு வரைக்கும் தெரியாது, ஓட்டையோட வாய லேசா சீவி விடறதாம். எனக்கு அந்த நிமிஷமே பாதி கவல போயிடுச்சு.

சனிக்கெழம போகும்போது புள்ள ஆட்டத்த பாக்கட்டும், நீங்க மத்ததப் பாருங்க. லைப்ரரி அன்னிக்குத் தொறந்திருக்கா, ராத்திரி பஸ் ஓடுதா, டார்ம், அதான் ஹாஸ்டல், ஸ்டேடியத்துக்கு எவ்ளோ கிட்ட, ராத்திரி பதினோரு மணிக்கு அந்தத் தெரு எப்படி இருக்கு. அப்பறம் கார். நான் எம்எஸ் படிச்ச காலேஜ்ல, பேரு வேணாம், காசு கட்டி வருஷ பெர்மிட் வாங்கின பார்க்கிங் லாட்டுலயே வெள்ளிக்கெழம சாயங்காலத்துக்குள்ள வண்டிய எடுத்துடணும், மறுநாள் அந்த எடம் நன்கொடை குடுத்தவங்களுக்கு. எனக்கு யாரும் சொல்லல, மெயில் வந்திருக்கு, நான் படிக்கல. சனிக்கெழம காலைல இந்தியன் கடைக்குப் போலாம்னு நாலு பேரா எறங்கி வந்தா கார் இருந்த எடத்துல கூடாரம் போட்டு ஒருத்தர் பன்னிக்கறி வாட்டிக்கிட்டு இருக்காரு. டோ பண்ணவன்கிட்ட கட்டின காசுல ரெண்டு மாச மளிகை வாங்கிருக்கலாம். கேம் டே பார்க்கிங் ரூல் என்னன்னு கேம்பஸ் டூர்லயே கேளுங்க, கேக்கறதுக்கு வெக்கப்படாதீங்க.

அப்பாம்மாவா நீங்க போயிப் பாக்கணும்னாலும் அந்த வாரக்கடைசி ஹோட்டல் வெல மூணு மடங்கு நாலு மடங்கு சொல்லுவான். ஷெட்யூல முன்கூட்டியே பாத்து, டீம் வெளியூர் போற வாரமா பாத்துப் போங்க.

6. உங்க புள்ள எப்படிப்பட்ட ஆளு?

ஓரிகன் யுனிவர்சிட்டில மூணு பொருளாதார ஆளுங்க ஒரு ஆராய்ச்சி பண்ணாங்க, 2012ல வந்துச்சு, ஒம்போது வருஷ மார்க்க எடுத்துப் பாத்தா டீம் அதிகமா ஜெயிக்கற வருஷத்துல பசங்க மார்க்கு பொண்ணுங்க மார்க்கோட ஒப்பிட்டா கீழ போகுது, குடி அதிகமாகுது, படிப்பு கொறயுதுன்னு. நல்லா கவனிங்க, டீம் நல்லா ஆடுனாத்தான் ஆபத்து ஜாஸ்தி, நம்ம பயலுங்க அத வெச்சுத்தான் காலேஜே செலக்ட் பண்றாங்க.

ஆனா இன்னொரு பக்கமும் இருக்கு. வீட்ட விட்டுப் போயி மொத செமஸ்டர்ல பேச ஆளில்லாம ரூம்லயே மொடங்கிக் கெடக்கற புள்ளைங்க இருக்கு, சனிக்கெழம ஒரே கலர் சட்டை போட்டு அடையாளம் தெரியாதவன் தோள்ல கை போட்டு கத்தறது அதுங்களுக்கு மருந்து மாதிரி. டெக்சஸ் ஏ அண்ட் எம்ல மேட்ச் முடியற வரைக்கும் ஸ்டூடண்ட்ஸ் யாரும் உக்கார மாட்டாங்க, 1922லேர்ந்து வர்ற பழக்கம், தேவப்பட்டா நாங்களும் எறங்கி ஆடுவோம்னு அர்த்தம். வாண்டர்பில்ட் 2024 அக்டோபர்ல நம்பர் ஒன் அலபாமாவ 40-35னு தோக்கடிச்சாங்க, படிப்புப் பசங்கன்னு எல்லாரும் கிண்டல் பண்ற காலேஜ், அந்தப் படிப்புப் பசங்க கோல்போஸ்ட்டப் புடுங்கி நாஷ்வில் தெருவழியா தூக்கிட்டுப் போயி கம்பர்லேண்ட் ஆத்துல போட்டாங்க. கூட வேல பாக்கற பொண்ணு அன்னிக்கு அங்க இருந்திருக்கு, டிகிரி சர்டிஃபிகேட்ட விட அந்த ஃபோட்டோவத்தான் பெருசா மாட்டி வெச்சிருக்கு.

அதனால கூச்ச சுபாவமா, கூட்டம்னாலே தலவலி வருமா, இல்ல ஏற்கனவே கட்டவுத்து விட்ட காளையா, அது உங்களுக்குத்தான் தெரியும். கூட்டமே ஆகாத புள்ளைய ஒரு லட்சம் பேரு கத்தற ஊர்ல கொண்டு விட்டா ஏழு சனிக்கெழமயும் அதுக்கு தண்டனதான்.

"பெரிய டீம் இருந்தா பேரு வரும், நாளைக்கு வேல கெடைக்கும்"னு ஒரு பேச்சு இருக்கும். 1984ல பாஸ்டன் காலேஜ் பையன் டக் ஃப்ளூட்டி கடைசி செகண்ட்ல ஒரு பாஸ் போட்டு மயாமிய 47-45னு ஜெயிக்க வெச்சான், அதுக்கப்பறம் அங்க அப்ளிகேஷன் குவிஞ்சுதுன்னு அதுக்கு ஃப்ளூட்டி எஃபெக்ட்னே பேரு வெச்சுட்டாங்க. அப்ளிகேஷன் ஏறினது நெஜம், ஆனா அதுக்கு முன்னாடிலேர்ந்தே ஏறிக்கிட்டுதான் இருந்துச்சு. டீம் ஜெயிச்சா அப்ளிகேஷன் சில சதவீதம் கூடும்னு பின்னாடி ஆராய்ச்சிலயும் வந்திருக்கு, உங்க புள்ளைக்கு அதனால கெடைக்கறது அட்மிஷன்ல கூடுதல் போட்டிதான். இண்டர்வியூல மேனேஜரும் அதே காலேஜா இருந்தா அஞ்சு நிமிஷம் ஃபுட்பால் பேச்சு ஓடும், ஐஸ் ஒடையும், அவ்ளோதான்.

7. மார்க் போடற நேரம்

எங்க வீட்ல ஒரு பேப்பர்ல நூறு மார்க்கு போட்டோம். வேணுங்கற கோர்ஸ் அங்க இருக்கா, நல்லா இருக்கா, அதுக்கு 40. நம்ம கையிலேர்ந்து போற மொத்தக் காசு, ஃபீஸ், டார்ம் எல்லாம் சேத்து, 35. ஊரு, தூரம், பாதுகாப்பு, சாப்பாடு 20. கடைசி 5 சனிக்கெழமைக்கு. அந்த அஞ்ச பையன் கையில குடுத்துட்டேன், நான் கேள்வி கேக்க மாட்டேன்னு சொல்லிட்டேன். ப்ளூமிங்டனுக்கு அஞ்சு, பர்டூக்கு ரெண்டுன்னு போட்டான். பர்டூக்கு அந்த ரெண்டும் டீமுக்கு இல்லையாம், அவங்க பேண்டுல 1921லேர்ந்து ஒரு ராட்சச ட்ரம் வெச்சிருக்காங்கல்ல, உலகத்துலயே பெருசுன்னு பீத்திக்குவாங்க, அதுக்காம்.

மொத்தம் கூட்டிப் பாத்தா பர்டூ எங்கயோ போயிடுச்சு. ரெண்டு காலேஜ் நாலஞ்சு மார்க்குக்குள்ள நின்னா மட்டும் அந்த அஞ்சுக்கு வேல வரும், அப்ப தாராளமா ஃபுட்பால வெச்சே முடிவு பண்ணுங்க, தப்பே இல்ல, நாலு வருஷம் வாழப் போற எடம் அது. மே 1ம் தேதிக்குள்ள டெபாசிட் கட்டணும், நாங்க ஏப்ரல் 28 ராத்திரி கட்டினோம், அவனே பட்டன அமுக்கட்டும்னு விட்டேன்.

8. சேந்தாச்சுன்னா

ஸ்டூடண்ட் டிக்கெட்டு தனி வெல, பல எடத்துல சம்மர்லயே விக்க ஆரம்பிச்சுடும், சில எடத்துல குலுக்கல். காலேஜ் மெயில தெனம் பாக்கச் சொல்லுங்க, நான் படிச்ச லட்சணத்துல பாக்க வேணாம். செப்டம்பர் மேட்ச் மதியானம்னா வெயில் கொளுத்தும், தொப்பியும் சன்ஸ்க்ரீனும் வேணும். நவம்பர்ல அதே எடத்துல கால் வெறச்சுப் போகும், ரெண்டு சாக்ஸ் போடணும். பை எடுத்துட்டுப் போனா உள்ள இருக்கறது தெரியற மாதிரி கண்ணாடிக் கவர்ப் பைதான் விடுவாங்க, சைஸும் அளவு வெச்சிருப்பாங்க. வெளிச் சாப்பாடு உள்ள விட மாட்டான், அம்மா கட்டிக் குடுத்த புளியோதர டப்பாவ கேட்டுலயே குப்பைல போடச் சொல்லிடுவான், அதனால வெளிய டெய்ல்கேட்லயே பிரிச்சு பக்கத்துல நிக்கறவனுக்கும் ரெண்டு கரண்டி குடுத்து சாப்ட்டு முடிச்சுட்டு உள்ள போகச் சொல்லுங்க.